முப்பது நிமிடத் தாமதம்: அக்ரோசின் நொதி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1994இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தில் சில ஆண் சுண்டெலிகள் அப்பாவாயின. சுண்டெலி அப்பாவாவதில் என்ன செய்தி இருக்கிறது என்று கேட்கலாம். அவை அப்பாவாகியிருக்கவே கூடாது என்பதுதான் செய்தி. அவற்றின் விந்தணுக்களில் அக்ரோசின் என்ற நொதி துளிகூடக் கிடையாது. அந்த நொதி இல்லாமல் விந்தணுவால் முட்டையின் உறையைத் தாண்ட முடியாது என்று அதற்கு முன் கால் நூற்றாண்டாகப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

26 ஆண்டுகள் கழித்து, அதே சுக்குபா நகரில், வேறொரு ஆய்வகத்தில், வேறொரு விலங்கில் அதே மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். இந்த முறை ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை.

இரண்டு முடிவுகளும் சரி. இரண்டு சோதனைகளிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படியானால் அக்ரோசின் தேவையா, தேவையில்லையா? இந்தக் கேள்வி 1960களிலிருந்து இன்றுவரை எப்படியெல்லாம் புரண்டது என்பதுதான் இந்த ஆய்வு. என் கணிப்பை முன்பே சொல்லிவிடுகிறேன்: நொதியைப் பற்றி நாம் செய்த தவறுகளைவிட, ஒரு விலங்கு சொன்னதை எல்லா விலங்குக்கும் ஏற்றிவைத்த தவறுதான் இதில் பெரியது.

முட்டையைச் சுற்றி என்ன இருக்கிறது

பாலூட்டிகளின் முட்டை தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை. சினைப்பையிலிருந்து வெளிவரும்போதே ஆயிரக்கணக்கான சிறு செல்கள் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு வரும். இந்தக் கூட்டத்துக்குக் கியூமுலஸ் என்று பெயர். செல்களுக்கு நடுவே ஹயலூரோனிக் அமிலம் என்ற நீளமான சர்க்கரைச் சங்கிலி கொழகொழவென்று நிறைந்திருக்கும். ஊறவைத்த சப்ஜா விதையைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் விதை, சுற்றிலும் வழுவழுப்பு. ஏறக்குறைய அந்த மாதிரிதான்.

அதற்கு உள்ளே சோனா பெலுசிடா. சுருக்கமாகச் சோனா என்பார்கள். கண்ணாடி போல ஒளி புகும் உறை. மனித முட்டையில் சுமார் 15 மைக்ரோமீட்டர் தடிமன், சுண்டெலியில் அதில் பாதி. சர்க்கரை கோத்த புரத இழைகளால் நெய்தது. வழுவழுப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, இது நல்ல உறுதியான சுவர். இதைத் தாண்டினால்தான் முட்டையின் சொந்தச் சவ்வு.

எதிர்ப்பக்கம் விந்தணு. அதன் தலையின் முன்பகுதியில் தொப்பி கவிழ்த்தது போல அக்ரோசோம் என்ற பை இருக்கிறது. நொதிகள் அந்தப் பைக்குள்தான். வேளை வரும்போது பையின் மேல்சவ்வும் விந்தணுவின் வெளிச்சவ்வும் பல இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டி, அங்கங்கே துளை விழுந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். இதை அக்ரோசோம் வினை என்கிறார்கள். வெளியே வந்த விந்தணுக்களால் உடனே இதைச் செய்ய முடியாது; பெண் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட வேண்டும். 1951இல் ஆஸ்திரேலியாவில் ஆஸ்டினும் அமெரிக்காவில் எம். சி. சாங்கும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் சோதனைக்குழாயில் கருவுறுதலுக்கு முயன்றவர்கள் பலர் தோற்றதற்கு இந்தப் பக்குவம் பற்றித் தெரியாததும் ஒரு காரணம்.

பிளஸ் டூ விலங்கியலில் நாம் படம் போட்டுப் படித்தது இதுதான்: விந்தணு வருகிறது, பை உடைகிறது, நொதி சுவரைக் கரைக்கிறது, விந்தணு உள்ளே போகிறது. மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். படத்தில் இடறுவது ஒரே ஒரு சங்கதி. விந்தணு நுழைந்த பிறகு சோனாவை நுண்ணோக்கியில் பார்த்தால் கரைந்துபோன பொத்தல் தெரியாது. விந்தணுத் தலை நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு மெல்லிய கீறல்தான் தெரியும். ஆசிட் ஊற்றினால் துணியில் விழும் ஓட்டையும் பிளேடால் கீறிய கோடும் ஒரே மாதிரியா இருக்கும்? இந்தக் கீறல் சிலரை ஆரம்பத்திலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஹயலூரோனிடேஸ்: ஒரு முன்னோட்டம்

அக்ரோசினுக்கு முன்பே இன்னொரு நொதி இதே பாதையில் போய்வந்தது. 1920களின் கடைசியில் துரான்-ரெய்னால்ஸ் என்பவர், விந்தகச் சாறு கலந்து வைரஸை ஊசி போட்டால் அது தோலுக்கடியில் வெகு வேகமாகப் பரவுவதைக் கவனித்தார். 'பரப்பும் காரணி' என்று பேர் வைத்தார்கள். பிறகு அது ஹயலூரோனிக் அமிலத்தை வெட்டும் ஹயலூரோனிடேஸ் என்று தெரிந்தது. 1942இல் மெக்ளீனும் ரோலண்ட்ஸும் அதே நொதி முட்டையைச் சுற்றியிருக்கும் கியூமுலஸ் செல்களை உதிர்த்துவிடுகிறது என்று காட்டினார்கள். (சில கையேடுகளில் இதைப் புரதம் செரிக்கும் நொதி என்று எழுதியிருப்பார்கள். தவறு. இது வெட்டுவது சர்க்கரைச் சங்கிலியை.)

இதை இன்று கண்ணாலேயே பார்க்கலாம். இக்சி (விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை) செய்யும் எந்தக் கருத்தரிப்பு ஆய்வகத்திலும் முட்டை கைக்கு வந்தபின் செய்யும் வேலைகளில் ஒன்று, அதைச் சுற்றியிருக்கும் செல்களை நீக்குவது. ஹயலூரோனிடேஸ் கலந்த ஒரு சிறு துளிக்குள் முட்டைக் கொத்தை விடுவார்கள். அரை நிமிடம் போதும். மெல்லிய பிப்பெட்டில் மெதுவாக இழுத்து விட்டால், பஞ்சு போல அப்பியிருந்த செல்கள் பொலபொலவென்று உதிரும். உடனே வேறு துளிக்கு மாற்றிக் கழுவிவிடுவார்கள். அதிலேயே ஊறவிட்டால் முட்டைக்கு நல்லதல்ல. இவ்வளவும் நடக்கும்போது சோனா மட்டும் சிறு மாற்றமும் இல்லாமல் பளிங்கு வளையமாக அப்படியே நிற்கும். ஹயலூரோனிடேஸின் எல்லை எது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

விந்தணுவின் ஹயலூரோனிடேஸ் பெரும்பாலும் அதன் மேற்பரப்பில் இருக்கும் பி.எச்-20 என்ற புரதம். 1988இல் பிரிமகாஃபும் அவருடைய கூட்டாளிகளும் இந்தப் புரதத்தைக் கினிப் பன்றிகளுக்குத் தடுப்பூசி போலப் போட்டார்கள். ஆண், பெண் இரண்டுமே முழுக்க மலடாயின. நாள் போகப் போகக் கருவுறும் திறன் திரும்பிவந்தது. கருத்தடைத் தடுப்பூசி கைக்கெட்டும் தூரத்தில் என்று பேச்சு கிளம்பியது. 2002இல் பி.எச்-20 இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, அவை சாவகாசமாகக் குட்டி போட்டன. கியூமுலஸைக் கலைப்பதில் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். 2005இல் இன்னொரு ஹயலூரோனிடேஸும் சுண்டெலி விந்தணுவில் இருப்பது தெரியவந்தது. கினிப் பன்றி ஒன்று சொன்னது, சுண்டெலி வேறொன்று சொன்னது. இந்த முரணை அப்போதே கொஞ்சம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம்.

பி.எச்-20 கருத்தடை ஊசியாகாமல் போனாலும் வீணாகவில்லை. மனித பி.எச்-20ஐச் செயற்கையாகத் தயாரித்து, 2005இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி வாங்கினார்கள். ரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய சில புற்றுநோய் மருந்துகளை இன்று தோலுக்கடியில் சில நிமிடங்களில் போட முடிகிறதென்றால் அது இந்த விந்தணு நொதியின் உபயம். நம்மூரில் கண்புரை அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசியிலும், மருந்து சீக்கிரம் பரவட்டும் என்று ஹயலூரோனிடேஸ் கலப்பது பழைய வழக்கம். கண்ணில் அந்த ஊசி வாங்கிக்கொண்ட தாத்தா பாட்டிகளில் எத்தனை பேருக்கு அதன் பூர்வீகம் தெரியும்!

அக்ரோசின் வந்த விதம்

கியூமுலஸுக்கு ஒரு நொதி கிடைத்துவிட்டது. சோனாவுக்கு? 1965இல் ஸ்ரீவஸ்தவா, ஆடம்ஸ், ஹார்ட்ரீ மூவரும் விந்தணுவின் அக்ரோசோமை மட்டும் பிரித்தெடுத்து அதன் சாற்றை முயல் முட்டைமேல் விட்டார்கள். சுற்றியிருந்த செல்கள் கலைந்தன, சோனாவும் கரைந்தது. 1968இல் ஸ்டாம்பாவும் பக்லியும் முயல் விந்தணுத் தலையிலிருந்து டிரிப்சின் மாதிரி ஒரு நொதியைக் காட்டினார்கள். நம் குடலில் இறைச்சியையும் பருப்பையும் செரிக்கும் அதே டிரிப்சினின் உறவுக்காரர். சில ஆண்டுகளில் அதற்கு அக்ரோசின் என்ற பெயர் நிலைத்தது.

டிரிப்சினைப் போலவே இதுவும் கையைக் கட்டிப்போட்ட நிலையில்தான் சேமிக்கப்படுகிறது. புரோஅக்ரோசின் என்ற முன்வடிவம், அக்ரோசோமின் அமிலச் சூழலில் தூங்கிக்கொண்டிருக்கும். பை திறந்து அமிலத்தன்மை குறைந்ததும் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு விழித்துக்கொள்ளும். நுழையும் நேரத்தில் மட்டும் வேலை செய்யும் ஏற்பாடு. இதைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

சான்றும் வரிசையாக வந்தது. டிரிப்சினைத் தடுக்கும் பொருள்களைக் கலந்தால் சோதனைத் தட்டில் கருவுறுதல் நின்றது. சோயா மொச்சையிலிருந்து எடுத்த தடுப்பான்கூட வேலை செய்தது. 1970களில் அக்ரோசின் தடுப்பான்களைக் கருத்தடைக்குப் பயன்படுத்தலாமா என்று ஆராய்ந்தார்கள். விந்துப் பரிசோதனையில் அக்ரோசின் எவ்வளவு என்று அளப்பதும் வந்தது.

இந்தச் சான்றில் ஒரு பலவீனம் உண்டு. தடுப்பான் என்பது ஒரு பூட்டுக்கு மட்டும் செய்த சாவியல்ல. டிரிப்சின் குடும்பத்து நொதி எதுவாக இருந்தாலும் அதன் வாயை அடைத்துவிடும். விந்தணுவில் அந்தக் குடும்பத்தில் அக்ரோசின் ஒன்றுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் வாதம் சரி. அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள்.

1994: சுண்டெலி சொன்னது

தடாஷி பாபாவின் குழு அக்ரோசின் மரபணுவைச் செயலிழக்கச் செய்த சுண்டெலிகளை உருவாக்கியது. ஆண்கள் ஆரோக்கியமாக இருந்தன, பெண்களோடு சேர்ந்தன, குட்டிகள் பிறந்தன. சோதனைத் தட்டிலும் விந்தணு சோனாவைத் துளைத்து உள்ளே போனது. இயல்பான விந்தணுவைவிடச் சுமார் 30 நிமிடம் தாமதம். அவ்வளவே வித்தியாசம்.

1997இல் ஜெர்மனியில் அதாமின் குழுவும் தனியாக இதே மரபணுவை நீக்கி, அக்ரோசின் இன்றியமையாதது இல்லை என்ற அதே முடிவுக்கு வந்தது. கூடவே ஒரு வேலை செய்தார்கள். அக்ரோசின் உள்ள விந்தணுவையும் இல்லாததையும் கலந்து முட்டையோடு விட்டார்கள். போட்டி என்று வந்தபோது அக்ரோசின் இல்லாதவை தோற்றன.

என் பார்வையில் இந்த இரண்டு விவரங்களும்தான், அதாவது முப்பது நிமிடமும் போட்டித் தோல்வியும்தான், அந்த ஆய்வுகளின் உயிர். ஆனால் பரவலாகப் பேசப்பட்டது 'இன்றியமையாதது இல்லை' என்ற பகுதி. மேற்கோள் காட்டியவர்கள் அதையும் சுருக்கி 'தேவையில்லை' ஆக்கினார்கள். பேருந்து அரைமணி தாமதமாக ஊர் போய்ச் சேர்ந்தால், சேர்ந்தது உண்மைதான். ஆனால் பெண் சுண்டெலி வேறோர் ஆணோடும் சேர்ந்திருந்தால், அந்த அரைமணியில் முட்டை வேறொருவருக்குச் சொந்தமாகியிருக்கும். கூண்டில் ஒரு ஆண், ஒரு பெண் என்று வைத்துக் குட்டிகளை எண்ணும் சோதனையில் இந்த நஷ்டம் கண்ணில் படாது.

பழைய தடுப்பான் சோதனைகள் என்னவாயின? 1998இல் யாமகாடாவின் குழு ஒரு நேரடியான கேள்வி கேட்டது: அக்ரோசினே இல்லாத விந்தணுவிடம் டிரிப்சின் தடுப்பானைக் கொடுத்தால் என்ன ஆகும்? கருவுறுதல் நின்றுவிட்டது. இல்லாத நொதியையா தடுத்தது? டிரிப்சின் குடும்பத்தில் வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று பொருள். தேடிப் பிடித்தவற்றில் ஒன்று டெஸ்டிசின். 2010இல் அக்ரோசின், டெஸ்டிசின் இரண்டையும் நீக்கிய சுண்டெலிகளைப் பார்த்தபோது, சோதனைத் தட்டில் விந்தணு முற்றிலும் தோற்றது. உயிருள்ள பெண்ணின் உடலுக்குள்ளோ, குறைவாக என்றாலும் குட்டிகள் பிறந்தன. கருக்குழாயின் சூழல் ஏதோ ஒரு விதத்தில் கைகொடுக்கிறது.

அதே யாமகாடா குழு இன்னொன்றையும் காட்டியது. அக்ரோசின் இல்லாவிட்டால் அக்ரோசோமில் உள்ள மற்ற புரதங்கள் கரைந்து வெளியே வருவதே தாமதமாகிறது. ஆக, சுண்டெலியில் அக்ரோசினின் முக்கிய வேலை சுவரை இடிப்பதாக இல்லாமல் தன் சொந்தப் பையைச் சீக்கிரம் காலி செய்வதாகக்கூட இருக்கலாம். முப்பது நிமிடத் தாமதத்துக்கு இது நல்ல விளக்கம்.

தள்ளுகிறதா, கரைக்கிறதா

அந்தக் கீறலுக்கு வருவோம். மைக்கேல் பெட்ஃபோர்டு போன்ற ஆய்வாளர்கள் வெகுகாலமாகவே, விந்தணு சோனாவை முக்கியமாக வாலின் உந்துதலால்தான் துளைக்கிறது என்று வாதாடி வந்தார்கள். தலை கத்தி போலத் தட்டையாக இருக்கிறது, பக்கவாட்டில் ஆடி ஆடி இழைகளைப் பிரித்துக்கொண்டு போகிறது என்பது அவர்கள் கருத்து. 1994க்குப் பிறகு இவர்கள் பக்கம் காற்று வீசியது.

உந்துதல் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. கருவுறும் நேரத்தில் விந்தணுவின் வால் சாட்டை போல வீறுகொண்டு அடிக்க ஆரம்பிக்கும். இந்த வேகத்துக்குக் கால்சியம் உள்ளே வர வேண்டும். அதற்கு கேட்ஸ்பர் என்ற வாயில். 2001இல் இந்த வாயில் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். ஆண்கள் மலடு. சோனாவை நீக்கிவிட்டுக் கொடுத்தால் அவற்றின் விந்தணு முட்டையோடு சேர்ந்தது. சோனா இருந்தால் முடியவில்லை. ஆக, வால் இல்லாமல் சுவர் தாண்ட முடியாது. ஆனால் வால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. இரண்டு கேள்வியும் ஒன்றல்ல என்பதைப் பல கட்டுரைகள் மறந்துவிட்டன.

இன்னொரு சிக்கல் 2011இல் வந்தது. அக்ரோசோமில் ஒளிரும் புரதம் வைத்த சுண்டெலி விந்தணுக்களைப் படமெடுத்தார்கள். விந்தணு சோனாவைத் தொட்ட பிறகுதான் பை திறக்கும் என்று பாடத்தில் இருந்தது. படத்திலோ, முட்டைக்குள் வெற்றிகரமாக நுழைந்த விந்தணுக்களில் பெரும்பாலானவை சோனாவைத் தொடும் முன்பே, கியூமுலஸுக்குள் வரும்போதே பையைத் திறக்கத் தொடங்கிவிட்டிருந்தன. அதாவது கடைவாசலுக்கு வருவதற்கு முன்பே பணப்பையைத் திறந்து சில்லறையை வழியெல்லாம் சிந்திக்கொண்டு வருகிறது. அப்படியானால் சுவரை அடையும்போது அதனிடம் எவ்வளவு நொதி மிச்சமிருக்கும்? சுண்டெலியைப் பொறுத்தவரை, அக்ரோசின் சுவரை உடைக்கும் கருவி என்ற சித்திரம் இன்னும் மங்கிப்போனது.

2020: ஹாம்ஸ்டர் சொன்னது

தங்க நிற ஹாம்ஸ்டர் கருவுறுதல் ஆய்வில் புதிதாக வந்த விலங்கல்ல. 1963இல் யானகிமாச்சியும் சாங்கும் உடலுக்கு வெளியே கருவுறச் செய்து காட்டியது ஹாம்ஸ்டர் முட்டையைத்தான். அந்த வீறுகொண்ட வாலடியை யானகிமாச்சி முதலில் விவரித்ததும் ஹாம்ஸ்டர் விந்தணுவில்தான். அதன் அக்ரோசோம் வேறு பெரியது. சாதாரண நுண்ணோக்கியிலேயே அது திறப்பதைப் பார்க்கலாம்.

அப்புறம் ஏன் 1994இலேயே ஹாம்ஸ்டரில் மரபணுவை நீக்கிப் பார்க்கவில்லை? முடியாது என்பதால். சுண்டெலியில் மரபணு நீக்க உதவிய கருக்குருத்தணுக்கள் (இளம் கருவிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்க்கும் செல்கள்) ஹாம்ஸ்டரில் கிடையாது. அதன் கருக்களோ படு சொகுசு. உடலைவிட்டு வெளியே எடுத்தால் வாடிவிடும்; சாதாரண வெளிச்சமே ஆகாது, சிவப்பு விளக்கில்தான் கையாள வேண்டும். ஒட்டுமொத்தக் கருவுறுதல் மரபியலும் சுண்டெலிமேல் கட்டப்பட்டதற்குக் காரணம் சுண்டெலி நம்மைப் போல இருப்பதல்ல. அதில் வேலை செய்வது சுலபம் என்பதுதான்.

மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிறிஸ்பர் என்ற கருவி வந்ததும் நிலைமை மாறியது. சுக்குபாவில் உள்ள ரிக்கென் ஆய்வு மையத்தில் மிச்சிகோ ஹிரோசே, அட்சுவோ ஒகுரா குழுவினர் ஹாம்ஸ்டரின் அக்ரோசின் மரபணுவை நீக்கினார்கள். கருவை வெளியே எடுக்காமலே, தாயின் கருக்குழாய்க்குள் கிறிஸ்பர் கரைசலைச் செலுத்தி, வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுத்து உள்ளே புகுத்தும் முறை. சிவப்பு விளக்குத் தொல்லை தீர்ந்தது. ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் இரண்டு பெயர்கள் கண்ணில் படும்: யானகிமாச்சி, அப்புறம் தடாஷி பாபா. 1994இல் சுண்டெலிக் கட்டுரையை எழுதிய அதே பாபா. தன் முடிவை மறுபடி சோதிக்கும் வேலையில் தானே சேர்ந்துகொண்டவர்.

முடிவு தெளிவாக இருந்தது. அக்ரோசின் இல்லாத ஆண் ஹாம்ஸ்டர்கள் முழு மலடு. விந்தணு பெண்ணின் உடலில் ஏறி, கருக்குழாயில் முட்டை காத்திருக்கும் இடம்வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் ஒரு முட்டைகூடக் கருவுறவில்லை. சோதனைத் தட்டில் பார்த்தால், விந்தணு சோனாவில் ஒட்டிக்கொண்டது, உள்ளே போக முடியவில்லை. சோனாவை நீக்கிவிட்டுக் கொடுத்தார்கள். அத்தனை முட்டையும் கருவுற்றன. நீந்தத் தெரிகிறது, ஒட்டத் தெரிகிறது, கலக்கத் தெரிகிறது. நடுவே உள்ள அந்தச் சுவரை மட்டும் தாண்டத் தெரியவில்லை. 1970களின் பாடப்புத்தகம் சொன்ன அதே இடம்.

சுண்டெலிக்கும் ஹாம்ஸ்டருக்கும் என்ன வித்தியாசம்? உடனே கைக்கு வரும் பதில் ஒன்று உண்டு. சோனாவை நெய்யும் புரதங்கள் ஹாம்ஸ்டரில் நான்கு, மனிதரிலும் நான்கு. சுண்டெலியில் மூன்று, நான்காவது புரதத்தின் மரபணு செத்துப்போய்க் கிடக்கிறது. மூன்று நூலில் நெய்த துணி தளர்வு, நான்கு நூல் உறுதி என்று சொல்லத் தோன்றும். அழகான விளக்கம்தான். ஆனால் பெரிய எலியையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதன் சோனாவிலும் நான்கு புரதங்கள். 2017இல் எலியில் அக்ரோசினை நீக்கியபோது, குட்டிகள் குறைந்தன, கியூமுலஸைக் கடப்பது தாமதமானது, ஆனால் மலடாகவில்லை. ஆக, நான்காவது புரதம் மட்டும் இதற்குப் பதிலாகாது. சுவர் ஒரு பக்கம் என்றால், விந்தணு வைத்திருக்கும் மாற்று நொதிகளின் கையிருப்பு மறுபக்கம். சுண்டெலியிடம் டெஸ்டிசின் போன்ற துணை ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள், ஹாம்ஸ்டரிடம் இல்லை என்பதும் சாத்தியம்தான். பன்றியில் இன்னும் வேறு கதை: அங்கே விந்தணுவின் புரோட்டியசோம், அதாவது பழைய புரதங்களை அரைத்துத் தள்ளும் எந்திரம், சோனாவைத் தாண்டுவதில் பங்கு வகிக்கிறது என்பதற்கு நல்ல சான்று உண்டு.

இந்த வரிசையை வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது: 'பாலூட்டிகளில் அக்ரோசினின் பங்கு' என்று ஒரு கேள்வியே கிடையாது. சுண்டெலியில் என்ன, எலியில் என்ன, ஹாம்ஸ்டரில் என்ன என்று தனித்தனிக் கேள்விகள்தான் உண்டு. ஒவ்வோர் இனத்திலும் முட்டை தன் சுவரை ஒரு மாதிரி மாற்ற, விந்தணு தன் பையை வேறு மாதிரி மாற்றிக்கொள்கிறது. இவ்வளவு வேகமாக மாறும் ஓர் இடத்தில் ஒரே விலங்கை வைத்துப் பொதுவிதி எழுதியது நம் அவசரம்.

அதே நொதி, தப்பான இடத்தில்

ஹாம்ஸ்டரில் இன்னொரு பழைய அனுபவமும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையை ஹாம்ஸ்டரில் முயன்றபோது முட்டைகள் சிதைந்துபோயின. காரணம் அக்ரோசோம். இயல்பான கருவுறுதலில் பை வெளியிலேயே காலியாகிவிடும். ஊசி போட்டால் அந்த நொதிப் பை அப்படியே முட்டையின் வயிற்றுக்குள் போய்த் திறக்கும். 2002இல் அக்ரோசோமை நீக்கிய விந்தணுத் தலைகளைச் செலுத்தித்தான் முழு வளர்ச்சி பெற்ற குட்டிகளைப் பெற்றார்கள். மனித விந்தணுவின் அக்ரோசோம் மிகச் சிறியது என்பதால் நம் முட்டைகள் இதைத் தாங்கிக்கொள்கின்றன.

முட்டைக்குள் போகவேண்டிய விந்தணு நொதி ஒன்றும் உண்டு. அது பி.எல்.சி. சீட்டா. 2002இல் கண்டுபிடித்தது. விந்தணு முட்டையோடு கலந்ததும் இது உள்ளே நுழைந்து, முட்டைக்குள் கால்சியம் அலை அலையாக எழும்பச் செய்கிறது. முட்டை விழித்துக்கொள்வது அதனால்தான். உடனே முட்டையும் தன் பங்குக்கு ஓவாஸ்டாசின் என்ற நொதியை வெளியே விட்டு, சோனாவின் ஒரு புரதத்தை வெட்டி, அடுத்து வரும் விந்தணு ஒட்ட முடியாதபடி செய்துவிடும். அக்ரோசோமே இல்லாத உருண்டைத் தலை விந்தணு உள்ள ஆண்களுக்கு இக்சி செய்தாலும் பல நேரம் தோற்பதற்கு இந்த பி.எல்.சி. சீட்டாவும் கூடவே இல்லாமல் போவது ஒரு காரணம். அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

மனிதரில்

ஹாம்ஸ்டர் முடிவு வந்ததும் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே: நாம் எந்தப் பக்கம், சுண்டெலியா ஹாம்ஸ்டரா? 2023இல் பதில் வந்தது, சீனாவிலிருந்து. குழந்தையில்லாத இரண்டு சகோதரர்கள். சாதாரண ஐ.வி.எஃப்.இல் விந்தணுவையும் முட்டையையும் ஒன்றாக விட்டபோது, ஒரு முட்டைகூடக் கருவுறவில்லை. மரபணுவைப் படித்துப் பார்த்தால், இருவருக்குமே அக்ரோசின் மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழை. புரதத்தின் 56ஆவது அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் 'நிறுத்து' என்ற கட்டளை. அதற்குமேல் அக்ரோசின் உருவாக வழியில்லை. விந்தணு சோனாவில் ஒட்டியது. தாண்டவில்லை.

ஒரு குடும்பத்தை வைத்து உலகத்துக்கெல்லாம் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் ஹாம்ஸ்டரில் கண்ட அதே இடத்தில், அதே சுவரில், மனித விந்தணுவும் நின்றுவிட்டது என்பது தற்செயலாக நடக்கும் ஒற்றுமையல்ல. சுண்டெலி முடிவை நம்பி மூடிவைத்த அக்ரோசின் தடுப்பான் ஆராய்ச்சியை, ஹார்மோன் இல்லாத கருத்தடைக்காக மறுபடி திறக்கலாம் என்ற பேச்சுக்கும் இப்போது அடிப்படை இருக்கிறது. சிகிச்சைப் பக்கமும் பயன் உண்டு. விந்தணு எண்ணிக்கை, ஓட்டம், வடிவம் எல்லாம் பரவாயில்லை என்று அறிக்கை வந்து, ஐ.வி.எஃப்.இல் மட்டும் ஒன்றுமே கருவுறாமல் போகும் தம்பதிகளில் சிலருக்காவது இனி ஒரு காரணம் சொல்ல முடியும்.

சகோதரர்கள் விஷயத்தில் வழி ஏற்கெனவே தெரிந்ததுதான்: இக்சி. 1992இல் பிரஸ்ஸல்ஸில் வெற்றி கண்ட அந்த முறையில் சோனாவை ஊசியே துளைத்துவிடும், அக்ரோசினுக்கு வேலையில்லை. அவர்களுக்கும் அது பலித்தது. ஊசி முனை சோனாவைக் கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. அதற்கு முன்னால் அந்த முட்டைகளைச் சுற்றியிருக்கும் செல்களை நீக்க, அரை நிமிடம் ஹயலூரோனிடேஸ் துளியில் விட வேண்டும்.